படத்தில் நின்ற மற்றவர்கள்

அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத் திடலில் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர் எடுத்தது. குண்டுவெடிப்பில் அவரும் இறந்தார். கேமரா மட்டும் தப்பியது. கண்ணாடி அணிந்த ஓர் இளம்பெண் சந்தன மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜீவ் காந்தியின் வருகைக்காகக் காத்து நிற்கிறாள். பின்னாளில் ‘தனு’ என்று நாடு அறிந்துகொண்ட பெண். சற்றுத் தள்ளி வெள்ளை உடையில் சிவராசன்.

இவர்கள் இருவரையும் என் மாணவிகள் சட்டென்று அடையாளம் காட்டிவிடுகிறார்கள். தனுவை ஒட்டி நிற்கும் இன்னும் இருவர் யாரென்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஒருவர் காங்கிரஸ் கட்சியில் வேலை செய்த பெண். மற்றவர் அவருடைய மகள், பள்ளிச் சிறுமி. தலைவருக்காகக் கவிதை ஒன்றோடு வந்திருந்தவள். தாயும் மகளும் அந்த வெடிப்பில் இறந்துபோனார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படம் நாளிதழிலும் புலனாய்வு நூல்களிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் தனுவின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்கு வெளியே இருக்கும் பெண்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள்.

ஒரு தலைவரின் கொலைக்கு நாடு எப்படி எதிர்வினை ஆற்றியது என்பதைப் பற்றி அரசியல் வரலாறு நிறைய எழுதியிருக்கிறது. நான் கேட்க விரும்புவது அதில் ஒரு பகுதியை மட்டும்: அந்தக் கொலையைச் சுற்றி நின்ற பெண்களை நாம் எந்தச் சொற்களில் பேசினோம்? தெருவில் எழுந்த ஒப்பாரியில் தொடங்கி, நீதிமன்றத் தீர்ப்பு, திரைப்படம் வரைக்கும் நமக்கு இந்த நிகழ்வில் பெண்ணைக் காட்டக் கிடைத்த வேடம் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அது தாய்.

மறுநாள் காலையில் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் அல்ல, 1997இல்தான் பிரிந்தது. ராசிபுரத்தைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லாரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். கோடை விடுமுறை. பதின்மூன்று வயது எனக்கு. விடிந்தபோது தறிச் சத்தம் இல்லை. எங்கள் தெருவில் தறி நிற்பதென்றால் ஒன்று மின்வெட்டு, இல்லையென்றால் சாவு. பஸ் வரவில்லை. சேலம் சாலையில் லாரிகள் ஓரங்கட்டி நின்றன. ரேடியோவில் சோக இசை. முக்கில் இருந்த திமுக கொடிக்கம்பத்தை யாரோ இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தமிழகம் முழுக்க அன்று அப்படித்தான் நடந்தது; கம்பங்கள் சாய்ந்தன, கட்சிக்காரர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜனவரி 30இல்தான் விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லி திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. கோபத்துக்கு ஒரு முகவரி தயாராக இருந்தது.

என் மாமா கட்சிக்காரர். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். வீட்டில் இருந்தது அத்தை. கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகளை எடுத்துச் சுருட்டி, ராகி கொட்டி வைத்திருந்த குதிருக்குள் திணித்தார். சுவரில் இருந்த அண்ணா படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் முருகன் காலண்டரை மாட்டினார். கலவரம் என்றால் ஆண்கள் அடிப்பதும் ஓடுவதும் பதிவாகிறது. வேட்டியை ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவளைப் போல வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தவளின் அரசியல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டு வீடு தள்ளி அம்மாயி வீட்டுத் திண்ணையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மாயியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அம்மாயிக்கு எந்தக் கட்சியும் கிடையாது. ராஜீவ் காந்தி அவருக்கு ‘இந்திராம்மா மவன்’. “ஊரூரா ஓட்டுக் கேட்டு வந்த புள்ளையை இப்படிப் பண்ணிட்டானுவளே, பெத்தவ இருந்திருந்தா தாங்குவாளா” என்று ஆரம்பித்து, சீக்கிரமே அது தன் செத்துப்போன மூத்த மகனைச் சொல்லி அழும் அழுகையாக மாறிவிட்டது. ஒப்பாரியின் இயல்பு அது. ஒருவர் சாவை வாசலாக வைத்துக்கொண்டு அவரவர் தங்கள் சாவு வீட்டுக்குள் போய்விடுவார்கள். சங்கப் பாடல்களில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. காத்த மன்னன் இறந்தபின் புலவர்கள் செயலற்று நின்று பாடுவது. அது மன்னனின் கொடையையும் வீரத்தையும் எண்ணி எண்ணிப் பாடும். பெண்களின் ஒப்பாரிக்குக் கொடையோ வீரமோ முக்கியமில்லை. செத்தவன் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது போதும்.

அந்த அழுகையைக் கேலி செய்ய என்னால் முடியாது. ஏழாண்டுகளுக்கு முன், 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதற்கு டெல்லி காட்டிய எதிர்வினையை நினைத்துப் பார்த்தால், அழுது தீர்த்த திண்ணைகள் பெரிய விஷயம். அங்கே பழிவாங்கல் சீக்கியர்களின் தெருக்களுக்குள் புகுந்தது. உயிரோடு கொளுத்தப்பட்ட ஆண்களின் மனைவியர் கைம்பெண் குடியிருப்பு என்றே பெயர் பெற்றுவிட்ட திலக் விகாரில் வாழ நேர்ந்தது. கொல்லப்பட்டவர் பெண், அந்தக் கொலையின் கணக்கைத் தீர்த்ததும் பெண்களே. அம்மாயிகளின் ஒப்பாரியில் பழி இல்லை. ஆனால் பழி இல்லாத துக்கத்தை அறுவடை செய்யக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் ஜூன் 15இல் நடந்தது. அதிமுக, காங்கிரஸ் கூட்டணிக்குத் தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளும் போயின. சேலம் தொகுதியில் காங்கிரஸின் ரங்கராஜன் குமாரமங்கலம் மீண்டும் வென்றார். சட்டமன்றத்தின் 234 இடங்களில் 225 அந்தக் கூட்டணிக்கு. ஜூன் 24இல் ஜெயலலிதா முதல்வரானார். அந்த மாதத்து மேடைகளில் நான் கேட்ட சொல் ‘தாய்க்குலம்’. கண்ணீரோடு வரிசையில் நின்ற தாய்க்குலம், தீர்ப்பு வழங்கிய தாய்க்குலம். கண்ணீர்த்துளிக்கு ஓட்டுச்சீட்டு மதிப்பு உண்டு என்று கட்சிகள் கண்டுகொண்ட காலம். அதே தாய்க்குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் கட்சிப் பணியில், தன் மகளின் பக்கத்தில் நின்று, செத்துப்போனாள் என்பதை அந்த மேடைகள் நினைவுபடுத்தியதாக எனக்கு ஞாபகமில்லை. தொண்டர்கள் சாகலாம், பெயர் தலைவர்களுக்குத்தான்.

துக்கம் இப்படி ஓட்டாக மாறியபோது, அச்சம் பெண்களின் உடம்பின்மீது இறங்கியது. படம் பத்திரிகையில் வந்த பிறகு, சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் பெரியம்மா மகளை வீட்டில் சுடிதார் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் கண்ணாடிக்காரி, ஒல்லி. “பஸ்ஸுல எவனாச்சும் ஒரு மாதிரி பார்த்தான்னா என்ன பண்ணுவே” என்பது பெரியப்பாவின் வாதம். அந்த நாட்களில் எங்கள் பக்கம் சுடிதாரே புதுசு. தாவணியிலிருந்து தப்பித்து வந்த உடை. அதைப் பிடுங்குவதற்கு நாட்டின் பாதுகாப்பே காரணமாகக் கிடைத்தது. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இழப்பு ஒரு சுடிதாரோடு முடிந்துவிட்டது. ஈழத்திலிருந்து வந்து முகாம்களில் இருந்த பெண்களுக்கு அது முப்பது ஆண்டுகளாக முடியவில்லை.

பரமத்தியில் முகாம் இருக்கிறது. தாரமங்கலம் பக்கம் பவளத்தானூரில் இருக்கிறது. பேருந்தில் போகும் நாம் பெயர்ப்பலகையைக் கடந்து போகிறோம். 1991க்கு முன் அந்த மக்களுக்குத் தமிழகம் சோறும் பரிவும் கொடுத்தது உண்மை. மே 21க்குப் பிறகு ஒரே இரவில் அவர்கள் கொலையாளியின் உறவினர்களாகிவிட்டார்கள். வாடகை வீடுகள் காலி செய்யச் சொல்லப்பட்டன. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. உயர்கல்வியில் அகதி மாணவர்களுக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. அவை மீண்டது 1996க்குப் பிறகே. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் கப்பல்கள் புறப்படத் தொடங்கின. முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது 2021இல். குடியுரிமை இன்னும் எட்டவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே இல்லை.

முதுகலை வகுப்பில் ஈழப் பெண்கவிஞர்களைப் பாடம் நடத்தும்போது முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சொன்னாள், மே மாதம் வந்தால் அவள் பாட்டி யாரையும் சத்தமாகப் பேச விடுவதில்லையாம். “எங்கட கதை வெளியால கேட்டால் போதும், விசாரிக்க வந்திடுவாங்கள்” என்பாராம். பேச்சின் ஒலியே குற்றத்தின் அடையாளமாக ஆகிவிட்ட ஒரு வீட்டில் வளர்ந்த பெண் தமிழ் இலக்கியம் படிக்க வருகிறாள். பொது எதிர்வினை என்பதில் இதையும் சேர்க்கவேண்டும். அடி விழுந்தது மட்டுமல்ல, குரல் தாழ்ந்ததும் எதிர்வினையின் விளைவே.

இனி தனுவுக்கு வருகிறேன். ‘மனித வெடிகுண்டு’ என்ற சொல் அந்தக் கோடையில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் வந்து சேர்ந்தது. இலக்கணம் படித்தவர்கள் இந்தச் சொல்லை ஒருமுறை நின்று பார்க்கலாம். இதில் பெயர் வெடிகுண்டு, மனிதர் அடைமொழி. உயர்திணை அஃறிணைக்கு அடையாகிவிட்டது. அப்படி ஆக்கிவிட்டால் ஏன் என்ற கேள்வியே எழாது. குண்டு வெடிக்கும், அவ்வளவுதான். ஆனால் மக்கள் அவ்வளவோடு விடவில்லை. ஒரு பெண் எப்படி இதைச் செய்தாள் என்ற கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. ஓர் ஆண் செய்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. அவனுக்குக் கொள்கை என்றோ வெறி என்றோ ஒரு காரணம் சொல்லி முடித்திருப்பார்கள்.

பெண்ணுக்கு அது போதவில்லை. எனவே ஒரு கதை பரவியது: இந்திய அமைதிப்படையினர் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், அதற்குப் பழிவாங்க வந்தாள். தனுவைப் பற்றிய இந்தக் கதை நிரூபிக்கப்பட்டதில்லை. 1987 முதல் 1990 வரை ஈழத்தில் இருந்த அந்தப் படையினர் பெண்கள்மீது நடத்திய வன்கொடுமைகள் மெய்யானவை. ரஜனி திராணகமவும் அவருடைய சக ஆசிரியர்களும் ‘முறிந்த பனை’யில் சாட்சியங்களோடு பதிந்திருக்கிறார்கள். அந்தச் சாட்சியங்களை இங்கே யாரும் அக்கறையோடு படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு கொலையாளிக்குக் காரணம் தேவைப்பட்டபோது மட்டும் வன்கொடுமை நினைவுக்கு வந்தது. புலி ஆதரவாளர்களுக்கு அது கொலையை நியாயப்படுத்தியது. எதிர்ப்பாளர்களுக்கு அவளைப் பேதலித்தவளாக்கியது. இருவருக்குமே ஒரு பெண் தானாக ஓர் அரசியல் முடிவுக்கு, எவ்வளவு கொடூரமான முடிவானாலும், வந்திருக்க முடியும் என்பது ஒப்பவில்லை. கற்பு குலைந்தால்தான் பெண்ணுக்குக் கோபம் வரும் என்று நாம் நம்புகிறோம்.

இதற்குக் கண்ணகியைத் துணைக்கு அழைத்தவர்களும் உண்டு. இந்த ஒப்பீட்டைக் கவியரங்க மேடைகளில் காதாரக் கேட்டிருக்கிறேன். ஒப்பிடுகிறவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. மதுரை எரியும் காதைக்கு வஞ்சின மாலை என்று பெயர். முலையைத் திருகி எறிந்தவள், தீக்கடவுள் வந்து நின்றதும் யார் யாரை விட்டுவிடவேண்டும் என்று சொல்கிறாள். அந்தப் பட்டியலில் பார்ப்பாரும் பசுவும் இருப்பது இன்று நமக்கு உறுத்தும். அதே பட்டியலில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கவிதையோடு வந்த குழந்தையை விட்டுவிடச் சொல்ல யாரும் இல்லை. அவளைப் பார்க்காமல் அல்ல, அவள் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுதான் அது நடந்தது. இந்த ஒன்றுக்கே அந்த ஒப்பீடு உடைந்துவிடுகிறது.

சங்க இலக்கியத்திலும் தனுவுக்கு இடமில்லை. புறநானூற்றுப் பெண் போருக்குப் போவதில்லை, அனுப்புவாள். தந்தையும் கணவனும் விழுந்த களத்துக்கு, தலையில் எண்ணெய் தடவி, ஒரே மகனையும் அனுப்பிவைக்கும் தாய்க்கு மூதின் முல்லை என்று துறை வகுத்திருக்கிறார்கள். அங்கும் பெண்ணின் வீரம் பிள்ளை பெற்றதன் வழியாகத்தான் பேசப்படுகிறது. தானே உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு போகிறவளுக்குத் துறை இல்லை. துறை இல்லாததை எதில் அடக்குவது என்று தெரியாமல் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் தடுமாறியது.

தடுமாற்றத்தை மிக அழகாகத் தீர்த்துவைத்தது சினிமா. 1998இல் வந்த சந்தோஷ் சிவனின் ‘தி டெரரிஸ்ட்’ தமிழில் எடுக்கப்பட்ட படம். தேசிய விருதும் பெற்றது. ஆயிஷா தார்க்கர் நடித்த மல்லி, தலைவர் ஒருவருக்கு மாலையிட்டுக் கொல்லத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். நாடு, இயக்கம், தலைவர் எதற்கும் பெயர் இல்லை. ஆறும் மழையும் இலையும் மல்லியின் முகமும்தான் படம். ஒளிப்பதிவாளர் எடுத்த படம் என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. கொலைக்கு முந்திய நாட்களில் ஒரு முதியவரின் வீட்டில் தங்கியிருக்கும் மல்லிக்குத் தான் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. கடைசியில் தலைவரின் முன் நிற்கிறாள். விரல் பொத்தானில் இருக்கிறது. அழுத்தவில்லை.

மாணவியாக முதல்முறை பார்த்தபோது இந்த முடிவு என்னை அழவைத்தது. இப்போது பாடமாக நடத்தும்போது கோபம் வருகிறது. மல்லி கொல்லாமல் விடுவதற்குக் காரணங்கள் எத்தனையோ இருந்திருக்கலாம். கொலை தவறு என்று தோன்றியிருக்கலாம். இயக்கம் தன்னைப் பயன்படுத்துகிறது என்று புரிந்திருக்கலாம். கூட்டத்தில் நிற்கும் மற்றவர்களின் முகங்களைப் பார்த்திருக்கலாம். படம் இவற்றுக்கு விதைகளைத் தூவிவிட்டு, கருப்பையை நம்பிப் போய்விடுகிறது. பெண்ணுக்கு மனசாட்சி உண்டு, அது வயிற்றில் இருக்கிறது என்று சொல்வது போல. கருத்தரிக்காத மல்லி அழுத்தியிருப்பாளா? படத்தின் தர்க்கப்படி, ஆம். பிள்ளை பெறாத பெண்கள், பெற விரும்பாத பெண்கள் இந்தத் தர்க்கத்தை ஏன் ஏற்கவேண்டும்?

மற்றப் படங்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஆர்.கே. செல்வமணியின் ‘குற்றப்பத்திரிகை’ தணிக்கைச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் முடங்கி 2007இல் வந்தது. இந்தியில் வந்த ‘மெட்ராஸ் கஃபே’ 2013இல் இங்கே திரையரங்குக்கு வரவில்லை. ஏ.எம்.ஆர். ரமேஷின் ‘குப்பி’ மட்டும் கொஞ்சம் வேறு. பெங்களூருக்கு வெளியே, சிவராசனும் சுபாவும் கடைசியாகப் பதுங்கியிருந்த வீட்டின் பெண்ணை அது பார்க்கிறது. யாரென்று தெரியாத விருந்தினருக்குச் சமைத்துப் போட்டு, யாரென்று தெரிந்த பிறகும் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கவேண்டிய நிலை. அந்தச் சமையலறையின் அச்சம் உண்மையானது. புலனாய்வுப் படங்களில் சமையலறைக்குள் நுழைந்த படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சினிமா கற்பனை. நீதிமன்றம்? 1998 ஜனவரி 28இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அவர்களில் நளினியும் இருந்தார், செவிலியரான அவருடைய தாயும் இருந்தார். 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று மூவரில் ஒருவரான நீதிபதி கே.டி. தாமஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு: நளினி முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் அல்ல, பிறர் சொன்னதைச் செய்தவர், சிறையில் பிறந்த அவருடைய பெண்குழந்தை அநாதை ஆகிவிடக்கூடாது. அந்த மாறுபட்ட தீர்ப்பை நான் மதிக்கிறேன். மனிதம் உள்ள எழுத்து அது. ஆனாலும் அதன் உள்ளே இருக்கும் பெண், நாம் முன்பே சந்தித்தவள்தான்: கீழ்ப்படிகிறவள், பிள்ளை பெற்றவள். பிறகு சோனியா காந்தி நளினிக்குக் கருணை காட்டக் கேட்டுக்கொண்டதும், 2000 ஏப்ரலில் ஆளுநர் பாத்திமா பீவி தண்டனையைக் குறைத்ததும், குழந்தையை முன்வைத்தே பேசப்பட்டன. உயிர் பிழைத்தது. நல்லது. தூக்குத் தண்டனையே கூடாது என்று சொல்லும் நமக்கு, தாய் என்பதால் மட்டும் ஒருத்தி பிழைப்பது பாதி வெற்றிதான். பிள்ளை இல்லாத நளினியை என்ன செய்திருப்பார்கள்? நளினியின் தாய் ஏறக்குறைய எட்டாண்டுகள் சிறையில் இருந்து, அதில் ஓராண்டுக்கும் மேல் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்து, விடுதலையாகி வெளியே வந்தார். அவரைப் பற்றி நமக்கு ஒரு படமும் இல்லை.

இந்த இடத்தில் என்னிடம் மாணவிகள் ஒன்று கேட்பார்கள்: அப்படியானால் தனுவை அரசியல் மனுஷியாகப் பார்ப்பது அவளைப் போற்றுவது ஆகாதா? ஆகாது. பொறுப்பு உள்ளவளாக ஒருத்தியைப் பார்த்தால்தான் அவள் செய்ததைத் தவறு என்று சொல்லமுடியும். குண்டின்மீது யாரும் குற்றம் சொல்வதில்லை. ராதிகா குமாரசுவாமி புலிகளின் பெண்படையைப் பற்றி எழுதியபோது, ஆயுதம் தூக்குவது விடுதலை ஆகிவிடாது, ஆண்கள் போட்ட திட்டத்தை நிறைவேற்றும் இடத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்றார். அதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் கட்சிகளில், எங்கள் ஊர்களில், எந்தத் திட்டத்தைப் பெண்கள் போட்டார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

தனு புறப்பட்டு வந்த அதே சமூகத்தில் வேறு முடிவுகளுக்கு வந்த பெண்களும் இருந்தார்கள். ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் சிவரமணி தன் கையில் இருந்த கவிதைகளை எரித்துவிட்டு, 1991 மே 19இல் யாழ்ப்பாணத்தில் உயிரை முடித்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு நாள் முன்பு. கவிஞர் செல்வி அதே ஆண்டு ஆகஸ்ட் 30இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. அந்தக் கோடையில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ஒரு ஈழப் பெண்ணின் முகத்தைப் பக்கம் பக்கமாக அச்சிட்டுக்கொண்டிருந்தபோது, ஆயுதத்துக்கு எதிராகச் சொல்லை வைத்த பெண்கள் இறந்துகொண்டும் காணாமல் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஈழத்துப் பெண் என்றதும் ஒரு சந்தன மாலை நினைவுக்கு வருவதற்குப் பதிலாக இவர்களுடைய தொகுப்புகள் நினைவுக்கு வந்திருந்தால், பரமத்தி முகாமின் பாட்டி குரலைத் தாழ்த்தியிருக்கவேண்டியதில்லை என்று சொல்லமாட்டேன். அவ்வளவு எளிதல்ல. ஆனால் என் வகுப்பில் அந்தப் பேத்தி சிவரமணியைப் படிக்கிறாள்.

2011 ஆகஸ்ட் 28இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். மூவரின் தூக்கை நிறுத்தக் கேட்டு. அவர் இறந்த வேகத்தில் சுவரொட்டிகளில் வீரத்தமிழச்சி ஆகிவிட்டார். ஒரு இளம்பெண் இப்படிச் சாகக்கூடாது என்று சொன்னவர்கள் குறைவு. உயிரைக் காக்கக் கேட்கும் போராட்டம் ஓர் உயிரை வாங்கிக்கொண்டு கம்பீரமாக நடந்தது. ‘மறத்தி’ என்பது ‘தாய்’க்குப் பக்கத்து நாற்காலி, அவ்வளவுதான், இரண்டிலும் உட்காருகிறவள் எதையாவது கொடுத்தாகவேண்டும்.

பேரறிவாளன் 2022 மே 18இல் விடுதலையானார். நளினி உள்ளிட்ட மற்ற ஆறு பேர் அந்த ஆண்டு நவம்பர் 11இல். அற்புதம் அம்மாள் 31 ஆண்டுகள் நடந்த நடையை நாம் கொண்டாடினோம், கொண்டாடவேண்டும். ஆனால் செய்தித்தாள்கள் அவரையும் ‘தாயின் கண்ணீர் வென்றது’ என்கிற பாணியில்தான் எழுதின. அந்த அம்மா அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. சட்டம் படித்தார், மனுக்கள் எழுதினார், சிறை வாசல்களிலும் கட்சி அலுவலகங்களிலும் காத்திருந்து பேசினார், மேடை ஏறி மரண தண்டனைக்கு எதிராக ஓர் இயக்கத்தின் குரலாக ஆனார். கண்ணீரில் இவற்றைக் கரைத்துவிடக்கூடாது.

அதே நவம்பரில் இன்னொரு பெண் தொலைக்காட்சியில் பேசினார். அனுசுயா. அன்று கூட்டத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்த உதவி ஆய்வாளர். மாலையோடு முன்னால் வந்த தனுவைத் தடுக்க முயன்றவர். விட்டுவிடும்படி ராஜீவ் காந்தியே சொன்னதாகப் புலனாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வெடிப்பில் விரல்களை இழந்தார். விடுதலை தவறு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நம் வட்டத்தில் பலர் அவரைக் காங்கிரஸின் குரல் என்று தள்ளிவிட்டார்கள். ஒரு தோழி, போலீஸ்காரி வேறு என்ன பேசுவாள் என்றாள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏழு பேரின் விடுதலை சரி என்றே நினைக்கிறேன். அனுசுயாவோடு அதில் எனக்குக் கருத்து வேறுபாடு. ஆனால் அந்த இரவில் ஆபத்தை உணர்ந்து கை நீட்டித் தடுத்தவர் ஒரு பெண். அவர் பேச்சைக் கேட்கவில்லை, ஆண்கள். இதை ஒரு பெண்ணியக் கதையாக நாம் ஏன் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை? பாதிக்கப்பட்டவர்களை வருடத்துக்கொரு நாள் மாலை போடும் கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சிறையில் இருந்தவர்களை மட்டும் நம்முடையவர்களாக எடுத்துக்கொண்டோம். இரண்டு பக்கத்துப் பெண்களின் வாக்குமூலங்களும் ஒரே நூலில் இருக்கமுடியும். அற்புதம் அம்மாளும் அனுசுயாவும் ஒத்துப்போகவேண்டிய அவசியமில்லை.

சென்ற பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு களப்பணி கொடுத்தேன்: உங்கள் வீட்டில் 1991இல் பதினைந்து வயதுக்கு மேல் இருந்த ஒரு பெண்ணிடம், மே 22 காலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். இருபத்தாறு பேர் எழுதி வந்தார்கள். சேகோ ஆலையில் கிழங்கு உரிக்கப் போய்த் திரும்பிய பெண், திருச்செங்கோட்டில் பிரசவ வலியோடு வண்டி கிடைக்காமல் கிடந்த பெண், கணவன் லாரியோடு ஆந்திராவில் மாட்டிக்கொண்டு நாலு நாள் சேதி தெரியாமல் இருந்த பெண். முகாம் மாணவியின் பாட்டி முதலில் மறுத்துவிட்டு, பிறகு பேரைப் போடக்கூடாது என்ற கட்டளையோடு பேசியிருக்கிறார். காவலரின் மகளான இன்னொருத்தி, அன்று திருமணமாகி மூன்று மாதமே ஆகியிருந்த தன் அம்மா, அப்பா எந்த ஊர்ப் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நின்றதை எழுதியிருக்கிறாள். இந்த இருவரும் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கிப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். தாள்கள் என்னிடம் இருக்கின்றன. தட்டச்சு செய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.